டீக்கடை பெஞ்சுக்குத் தெரியாத சம்பளம்

வா கண்ணு, உக்காரு. எம்.பி.ஏ. படிச்சு முடிச்சுட்டு அப்பன் பனியன் கம்பெனிக்கே வந்துட்டியாமா. நல்லது. மொத வேலையா செவுத்துல போர்டு ஒண்ணு மாட்டியிருக்கியே, "நாம் அனைவரும் ஒரே குடும்பம்"னு. உள்ள நொழையறப்பவே பாத்தேன். அதுக்கு நேர் கீழ கைரேகை மிசினு. குடும்பத்துல எவன்டா ரேகை வெச்சுட்டுச் சோத்துக்கு உக்கார்றான்?

அஞ்சு நிமிசம் பிந்துனா கால் ஷிப்டு வெட்டாமா. எங்கம்மா ஒரு நாளும் பிந்தி வந்ததுக்கு இட்லியில பாதியப் பிச்சுக்கலை சாமி.

அப்பறம் அந்தப் போட்டோ. "இந்த மாதச் சிறந்த ஊழியர்"னு ஓவர்லாக் அடிக்கிற பொண்ணைக் கண்ணாடி போட்டு மாட்டி, கீழ லைட்டு வேற. போறப்ப வழியில பாத்துக் கேட்டேன், "போட்டோவுல லட்சணமா இருக்கியே ஆத்தா"ன்னு. "போட்டோ நல்லாத்தானுங் தாத்தா வந்திருக்குது. போன வார ஓவர்டைம்தானுங் இன்னும் வரலை"ன்னுது. அந்த லைட்டுக்கு எத்தனை யூனிட்டு எரியுதுன்னு உனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு எத்தனை மணி நேரம் பாக்கின்னு தெரியுமா?

ஓவர்டைம்முக்கு ரெண்டு மடங்கு கூலின்னு 1948 பேக்டரிச் சட்டத்துலயே எழுதிப் போட்டுட்டான். உன்ற தாத்தனுக்கே அது பழைய சேதி. நீ என்னமோ "இன்சென்டிவ் பாலிசி"ன்னு நாப்பது பக்கம் புத்தகம் அடிச்சு வெச்சிருக்கே. ஓட்டுன நேரத்துக்குக் காசைக் குடுக்கறதுக்கு என்னத்துக்குப் புத்தகம்?

அது போகுது. இந்த சி.டி.சி.ன்னா என்ன கண்ணு? ஒடிசாக்காரப் பையன் ஒருத்தன் சீட்டைக் கொண்டாந்து காட்டுனான். 18,000ன்னு போட்டிருக்குது. கைக்கு வந்தது அதுல எவ்வளவோ கம்மி. நோண்டிப் பாத்தா, நீ கட்டவேண்டிய பி.எஃப். பங்கு உள்ள, நீ கட்டவேண்டிய ஈ.எஸ்.ஐ. பங்கு உள்ள, அஞ்சு வருசம் இருந்தா வர்ற கிராஜுவிட்டி உள்ள, வேன் வாடகை உள்ள, ரெண்டு நேர டீயும் உள்ள. ஈ.எஸ்.ஐ.க்கு நூறு ரூவாய்க்கு அவன் பங்கு 75 காசு, உன் பங்கு 3 ரூவா 25 காசு. உன் பங்கையும் அவன் சம்பளம்னு எழுதி அவன்கிட்டயே காட்டறே. கோழிக்குப் போட்ட தவிட்டையும் தராசுல ஏத்தி முட்டை எடை சொன்னானாம் ஒருத்தன். அவனுக்கு நீ ஒறம்பரயா?

அதைவிடப் பெரிய கூத்து, சம்பளத்தை ஒருத்தருக்கொருத்தர் சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கினியே, அதுதான். ஏன்டா, சனிக்கிழமை பொழுதோட கவரை வாங்கிட்டு எல்லாரும் நேரா எங்க போறாங்க? கேட்டுக்கு எதுத்தாப்பல டீக்கடைக்கு. அங்க பெஞ்சுல உக்காந்து கவரைப் பிரிக்கறப்ப, உன்ற கையெழுத்துக் காயிதம் வந்து கண்ணைப் பொத்துமா? சித்த நேரத்துல சிங்கர்காரனுக்கு எவ்வளவு, பேட்லாக்குக்கு எவ்வளவு, உன்ற மச்சானுக்கு எவ்வளவுன்னு வடை போட்டுட்டிருக்கிற மாஸ்டருக்கே தெரிஞ்சு போகுது. தெரியாதது உனக்கு மட்டும்தான்.

சிரிக்காதே. நான் பட்டுட்டுத்தான் சொல்றேன்.

பன்னெண்டு வயசுல கைமடியா உள்ள போனவன் நான். டெய்லரு அடிச்சுத் தள்ற பனியனை வாங்கி மடக்கி மடக்கி வெக்கோணும். அந்த வயசுப் பிள்ளையை மிசினுகிட்ட உக்கார வெக்கறது தப்புன்னு அன்னிக்குச் சொல்ல ஆளில்ல. அப்பறம் நாலு மிசினு வாங்கிப் போட்டு நானும் மொதலாளி ஆனேன். கைமடியா இருந்தப்ப வெளங்குன கணக்கெல்லாம் மொதலாளி ஆனதும் மறந்து போச்சு. கல்லாவுல உக்காந்தா அப்பிடி ஒரு சீக்கு வருது.

செக்கிங்குல ஒரு ஆம்பளை, ஒரு பொம்பளை. ஒரே டேபிளு, ஒரே லைட்டு, ஒரே சரக்கு. துணியில ஓட்டை, எண்ணெக்கறை, பிசிறு பாத்து ஒதுக்கோணும். அவனுக்கு வாரத்துக்கு 15 ரூவா கூடப் போட்டிருந்தேன். ஏன்னு கேட்டா ஊரு வழக்கம். ஒரு சனிக்கிழமை அந்தம்மா கவரோட வந்து நின்னுச்சு. சத்தம் போடலை, அழுகலை. "ஏனுங்ண்ணா, ஆம்பளக் கண்ணுக்கு ரெண்டு ஓட்டை கூடத் தெரியுதுங்களா?"ன்னுது.

என்ன பதில் சொல்லுவே? ஒரே வேலைக்கு ஒரே கூலின்னு 1976-லயே சட்டம் வந்தாச்சு. கேள்விப்படலைன்னு பொய் சொல்ல மாட்டேன். காதுல விழுந்துச்சு, போட்டுக்கலை. அந்த வாரத்துல இருந்து 15 ரூவாயச் சேத்திக் குடுத்தேன். பழைய பாக்கியைக் குடுக்கலை. ஒரு மாசம் பொறுத்துப் பாத்துட்டு அந்தம்மா அக்கட்டால இன்னொரு கம்பெனிக்குப் போயிருச்சு. புதுசா வந்தவளுக்குக் கண்ணு இருந்துச்சு, பழக்கமில்ல. அந்த வருசம் பையர் திருப்பிவிட்ட பெட்டியை எண்ணறப்பத்தான் 15 ரூவா எவ்வளவு பெருசுன்னு தெரிஞ்சுது.

1984-ல இந்தத் திருப்பூரே 127 நாளு நின்னுச்சு கண்ணு. பஞ்சப்படி கேட்டு. அரிசி வெலை ஏறுனா கூலியும் கூட ஏறோணும்னாங்க. அவ்வளவுதான் சங்கதி. அதை ஒத்துக்கறதுக்கு நாலு மாசம் ஓடுச்சு. நானும் மத்த மொதலாளிகளோட திண்ணையில உக்காந்து, "இவனுகளுக்குத் திமிரு"ன்னு பேசுனவன்தான். திமிரு யாருக்குன்னு இப்பச் சொல்றேன், அப்பச் சொல்லலை.

தீவாளி நோம்பி வருது. முந்திரிப் பெட்டி நூறுக்கு ஆர்டர் போட்டிருக்கியாமே, மேல கம்பெனி பேரு பொன்னு எழுத்துல. போடு, வேண்டாங்கலை. ஆனா போனஸைக் கேட்டா "மார்க்கெட் டல்லு"ங்கறியாமே? 8.33 சதவீதம்னா ஏதோ பெரிய கணக்குன்னு மெரளாதே. நூறைப் பன்னெண்டால வகுத்துப் பாரு. வருசத்துல ஒரு மாசச் சம்பளம். அதுவும் கம்மிக்குக் கம்மி. போனஸ் சட்டம் வந்ததே 1965-ல. முந்திரியைக் கொண்டுபோய் அவன் மளிகைக்கடைப் பாக்கிக்குக் கட்ட முடியுமா?

சரி சரி, மூஞ்சியத் தூக்காதே. மணி அஞ்சே முக்கால் ஆச்சு, இன்னிக்குச் சனிக்கிழமை. அதா பாரு, ஜன்னலுக்கு அக்கட்டால. அயனிங்குப் பொண்ணு சீட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு வெரலு விட்டு எண்ணிட்டு நிக்குது. டீக்கடைக்குப் போறதுக்குள்ள போய் என்னன்னு கேளு. என்னைய ஏன்டா பாக்கறே?