கொடித்துணியும் மழை வகைகளும்: ஓர் ஆய்வு

வானிலிருந்து விழும் நீரை வகை பிரிக்கும் வேலையை விஞ்ஞானிகள் மில்லிமீட்டரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். துளியின் விட்டம் அரை மில்லிமீட்டருக்குக் குறைந்தால் தூறல், கூடினால் மழை. ஸ்கேலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்த் துளியை நிற்கச் சொல்ல முடியாது. ஆகவே இவ்வாய்வின் கருவி, கொடியில் காயும் துணி.

"ரெண்டு தூத்தல்தான், நின்னுடும்" என்பது முதல் நிலை. சொல்பவர் எப்போதும் நாற்காலியில் இருப்பார். (இவ்வீட்டில் அது நான்.) அடுக்களையிலிருந்து "துணி!" என்ற ஒற்றைச் சொல் கிளம்பும் கணத்தில் தூறல் மழையாகிறது என்பதே நம் துணிபு.

சாரல் கொஞ்சம் வில்லங்கமானது. குற்றாலத்தில் அது சீசன். தென்மேற்குக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே தூவும் அந்தச் சாரலில் நனைய பஸ் பிடித்துப் போகிறோம். அதே சாரல் சென்னையில் ஜன்னல் வழியாக வந்து மெத்தையை நனைத்தால், சாத்தாமல் விட்டது யார் என்று விசாரணை நடக்கிறது.

கனமழைக்கு வானிலை மையம் வைத்திருக்கும் கணக்கு: 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. வந்தால் கனமழை, 115.6 வந்தால் மிகக் கனமழை, 204.5 வந்தால் அதி கனமழை. மில்லிமீட்டர்தானே என்று இருந்துவிடக் கூடாது. சதுர மீட்டருக்கு ஒரு மி.மீ. என்பது ஒரு லிட்டர். எங்கள் மொட்டைமாடி 60 சதுர மீட்டர். கனமழையின் முதல் படியிலேயே 3,870 லிட்டர் வந்து நிற்கிறது. வடிய ஒரே குழாய். அதன் வாயில், போன மாதம் கொடியிலிருந்து காணாமல் போன என் சாக்ஸ்.

ஆலங்கட்டி ஆய்வையே குலைத்துவிடுகிறது. இடிமேகத்துக்குள் மேலெழும் காற்று உறைந்த துளியைக் கீழே விடாமல் தாங்க, அதன்மேல் ஐஸ் தோல் தோலாகப் படிந்து கனத்து விழுகிறது. துணி எடுக்க ஓடியவர்கள் துணியை மறந்து டம்ளரில் பொறுக்குகிறார்கள்.

எஞ்சியது பனி. "பனி பெய்யுது" என்கிறோம், அது பெய்வதே இல்லை. இரவில் இலையும் தரையும் குளிர, அவற்றைத் தொடும் காற்றிலுள்ள ஈரம் அங்கேயே நீராகிவிடுகிறது. மார்கழி விடியலில் இதை அத்தையிடம் விளக்கினேன். குரங்குக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டு, "ராத்திரி கொடியில விட்ட துண்டைப் பிழிடா" என்றார்.

பிழிந்தேன். நாலு சொட்டு விழுந்தது.

"பெய்யுதா, இல்லையா?"