1920 எழுத்துகள்

ஐபிஎம்மின் ஏஎஸ்/400 கணினித் திரையில் 24 வரி, வரிக்கு 80 எழுத்து. பெருக்கினால் 1920. தொண்ணூறுகளின் கடைசியில் கோயம்புத்தூர் கிடங்கை எங்கள் சென்னைக் கணினியோடு தொலைபேசி வழியே இணைக்கும் வேலை என்னிடம் வந்தபோது, எல்லாக் கணக்கும் இந்த எண்ணிலிருந்துதான் தொடங்கியது. 9600 பிட் வேகத்தில் விநாடிக்குச் சுமார் 960 எழுத்து வரும். முழுத் திரை நிரம்ப இரண்டு விநாடி.

கிளைக்கென்று தனி லீஸ்டு லைன் எடுக்கப் பெரிய நிறுவனங்களால்தான் முடிந்தது. ஏஎஸ்/400-இன் ஓஎஸ்/400 இயங்குதளத்தில், தொலைபேசி வழி இணைப்புக்கான பிபிபி நெறிமுறை வந்த பிறகு ஒரு மோடமும் ஒரு தொலைபேசி எண்ணும் போதும் என்றாயிற்று. லைனை வரையறுப்பது, அழைக்கும் பிசிக்கு ஐபி எண் ஒதுக்குவது, யூசர் ஐடி, பாஸ்வேர்டு கேட்கச் சொல்வது, பிறகு லைனை இயக்கும் ‘வேரி ஆன்’. இவ்வளவும் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். அதற்குப் பின்தான் தொலைபேசி இலாகாவின் உலகம். பழைய எக்ஸ்சேஞ்சுக்கு டோன் புரியாது. மோடமுக்குத் தரும் ஏடிடிடி என்ற கட்டளையை ஏடிடிபி என்று மாற்றிப் பல்ஸில் டயல் செய்ய வேண்டும். மழை பெய்தால் லைனில் இரைச்சல் ஏறும், மோடம் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆர்டர் திருத்திக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால், அந்த ஜாப் சென்னையில் உயிரோடு நின்று ரெக்கார்டைப் பூட்டிவைத்திருக்கும்; வேறு யாரும் அதைத் தொட முடியாது. அறுந்த ஜாப்பை உடனே முடிக்கச் சொல்லும் சிஸ்டம் வேல்யூவை மாற்றிய பிறகே கிடங்கில் நிம்மதி வந்தது.

இத்தனைக்கும் நடுவே கிடங்கு எழுத்தர் லைன் மெதுவென்று குறைப்பட்டதில்லை. காரணம் அந்தத் திரையின் அமைப்பு. அவர் தட்டச்சு செய்யும்போது லைனில் எதுவும் போகாது. எண்டர் அழுத்தியதும், மாற்றிய கட்டங்கள் மட்டும் போகும். எதை அனுப்ப வேண்டாம் என்று யோசித்து வைத்த அந்தப் பொறியாளர்கள்மேல் எனக்கு இன்றும் பெருமதிப்பு.

அன்று ஆர்பிஜி மொழியில் எழுதிய புரோகிராம்கள் பலவும், ஐபிஎம் ஐ என்று பெயர் மாறிய அதே இயங்குதளத்தில் இன்றும் ஓடுகின்றன. மோடம் போய் ஃபைபரும் விபிஎன்னும் வந்துவிட்டன. அதே ஆர்டர் திரைக்கு இப்போது பிரவுசர் முகம். ஒரு வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுக்க மொத்தப் பட்டியலும் இறங்குகிறது. தட்டும் ஒவ்வொரு எழுத்துக்கும் சர்வரிடம் ஒரு கேள்வி போகிறது. அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தச் சுமை தெரியாது. வால்பாறை ஏற்றத்தில் சிக்னல் ஒற்றைக் கோட்டுக்கு இறங்கி, கைப்பேசியில் ஆர்டர் போட முடியாமல் நிற்கும் விற்பனைப் பிரதிநிதிக்குத் தெரியும். அதனால்தான் என்னோடு வேலை செய்யும் இளைஞர்களிடம், புதுத் திரை எதையும் வேகத்தைக் குறைத்துவைத்து ஓட்டிக் காட்டாமல் ஒப்புதலுக்குக் கொண்டுவராதீர்கள் என்கிறேன்.