ராஜினாமா இருக்கட்டும், படம் எங்கடா?

வாடா பேராண்டி, குந்து. ஓசூர் கம்பெனியில கணக்குப் பாக்குற வேலைய உதறிட்டு பாரீசுக்குப் போயி ஓவியனாகப் போறியாமே? உங்கம்மா ராத்திரி பூரா மூக்க உறிஞ்சிக்கினு கிடந்தா. எனக்குச் சந்தோஷந்தான். நம்ம வம்சத்துல ஜவுளிக் கடையில துணி கிழிச்சவன் இருக்கான், கல் குவாரியில ஜல்லி உடைச்சவன் இருக்கான், மாந்தோப்புக்குக் காவல் கிடந்தவன் இருக்கான். தூரிகை புடிச்சவன் இல்ல. ஒரே ஒரு சந்தேகம். ராஜினாமா கடுதாசியத் தவிர இதுவரைக்கும் நீ என்னா வரைஞ்சிருக்கே?

கோச்சுக்காத. அந்த ஓவியன் பால் கோகனப் பத்தின பொஸ்தகத்த எங்கிட்டக் குடுத்தியே, நீ மடிச்சு வெச்ச பக்கத்தத் தாண்டி நான் முழுசாப் படிச்சிட்டேன். அந்தாளு ஒருநாள் காலையில எந்திரிச்சு ஓடிப்போனவன் இல்லடா. பாரீஸ் பங்குச் சந்தையில தரகு பாத்துக்கினே லீவு நாள்ல வரைஞ்சவன். 1876லயே பெரிய கண்காட்சியில அவன் படம் தொங்குச்சு. வேலைய விட்டது 1883ல. அதுக்கு முந்தின வருஷம் சந்தை கவுந்த கதைய நீ எங்கிட்டச் சொல்லவே இல்ல. அப்பறம் பொண்டாட்டி ஊரு டென்மார்க்குக்குப் போயி தார்ப்பாய் வித்தான். தார்ப்பாய்! அந்த ஊரு பாஷையும் வராது, யாவாரமும் ஆகல. அஞ்சு புள்ளைங்களுக்குச் சோறு போட அந்தம்மா பிரெஞ்சுப் பாடம் சொல்லிக்குடுத்துது.

1891ல தஹிதித் தீவுக்குக் கப்பலேறினான். அங்க பதிமூணு வயசு வாக்குல ஒரு பொண்ண வெச்சிக்கினு வாழ்ந்தத பொஸ்தகம் காதலுன்னு எழுதுது. நம்ம ஊருல அதுக்குப் பேரு போக்சோ. அது கிடக்கட்டும், வேடிக்கை இனிமேதான். 1898ல கையில காசில்லாம, அதே தஹிதியில பொதுப்பணித்துறை ஆபீசுல வரைபடம் போடுற வேலைக்குச் சேந்தான். நாளுக்கு ஆறு பிராங்க் கூலி. ஆபீசே வேணாம்னு கடல் தாண்டுனவனுக்கு உலகத்தோட அந்தக் கோடியில பி.டபிள்யூ.டி. ஆபீசு! அதுதான் வேணும்னா எதுக்குக் கண்ணு பாரீஸ்? கிருஷ்ணகிரி டவுன் பஸ்ல ஏறு, போதும்.

1903ல செத்தான். படம் கோடி கோடியா வித்ததெல்லாம் அப்பறந்தான்.

நம்ம பக்கத்து ஆளயும் பாரு. கே.சி.எஸ். பணிக்கர், கோயம்புத்தூர்ல பொறந்தவரு. அப்பா போனதும் குடும்பத்துக்காக தந்தி ஆபீசு வேலைக்குப் போனாரு. இருவத்தஞ்சு வயசு வாக்குலதான் சென்னை ஓவியப் பள்ளியில சேந்தாரு. பின்னால அதுக்கே முதல்வரானாரு. 1966ல அவரு தலைமையில ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம்னு ஓவியருங்களுக்கு ஒரு ஊரே உண்டாச்சே, அதுக்குக் காசு எங்கிருந்து வந்துது? மெழுகு வெச்சு சாயம் ஏத்துன பாத்திக் துணிய வித்துத்தான். துணி விக்கிறது கேவலமா? பர்கூர் கடைவீதி பூரா வேற என்னத்த வித்துக்கினு இருக்கு? அந்தக் கூட்டத்து விஸ்வநாதன் 1968ல பாரீசுக்குப் போனாரு. போகும்போது கையில தொழில் இருந்துது.

இன்னொண்ணு. பிரான்ஸ்காரன் டூரிஸ்ட் விசா குடுக்க சம்பளச் சீட்டு கேப்பான், கம்பெனி லீவு கடுதாசி கேப்பான், பேங்க் கணக்கு கேப்பான். ராஜினாமா குடுத்துட்டா எதைக் காட்டுவே? குடுத்தாலும் சுத்திப்பாக்கத்தான், 90 நாளுக்கு மேல இல்ல.

மொதல்ல நம்ம தாலுக்கா மயிலாடும்பாறைக்குப் போயிட்டு வா. அங்க கிடைச்ச இரும்பு 4,200 வருஷத்துக்கு முந்தினதுன்னு 2022ல சட்டசபையிலயே சொன்னாங்க. பாறை ஓவியமும் அங்க இருக்குது. வரைஞ்சவன் வேட்டைக்கும் போனான், வேலையும் பாத்தான். யாருக்கும் கடுதாசி குடுத்ததாத் தெரியல.

கடுதாசிய இப்படிக் குடு, என் தலகாணிக்கடியில இருக்கட்டும். ஞாயித்துக்கிழமைக்கு ஒரு படம் போடு. மாங்கா எறங்குறதுக்குள்ள இருவது சேந்துச்சுன்னா, தோப்புக் குத்தகைப் பணத்துல டிக்கெட்டு என் செலவு. சேரலியா, கம்பெனி பஸ்ஸு திங்கக்கிழமை காலையில ஆறரைக்கு வருது.