முகமூடி வீரர்களுக்கு என்ன நேர்ந்தது? – கேள்வி பதில்

சூப்பர்ஹீரோ சித்திரக்கதைகளைப் பற்றி இந்த முறை கேட்கலாம் என்றிருந்தோம். ஊவாவின் மலைகளிலிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே.

இப்போது வரும் சூப்பர்ஹீரோ காமிக்ஸ் கெட்டுப்போய்விட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா?
*ஓர் ஆசிரியர், பசறை*

சித்திரம் கெடவில்லை. அச்சும் வண்ணமும் முன்னைவிட எவ்வளவோ மேல். கெட்டது ஒன்றுதான்: புதிதாக வருகிற பிள்ளைக்கு ஏற இடமில்லை. தெமோதரையில் ரயில் ஏறுகிறவனிடம், கோட்டையிலிருந்து நடந்த கதை முழுவதையும் ஒப்புவித்தால்தான் பதுளையில் இறங்கலாம் என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? இன்றைய அமெரிக்கக் கதைகள் பல அப்படித்தான் இருக்கின்றன. ஒரு இதழ் புரிய இன்னும் ஐந்து இதழ் வேண்டும்.

பதிப்பாளர்களுக்கும் இது தெரியும். 2011 செப்டெம்பரில் டிசி நிறுவனம் தன் பழைய கணக்கையெல்லாம் மூடிவிட்டு 52 இதழ்களை ஒன்றாம் இலக்கத்திலிருந்து தொடங்கியது. 2016-இல் அதையும் கலைத்து இன்னொரு தொடக்கம். திரும்பத் திரும்பத் தொடங்குவதில் பயனில்லை, கதை முடிய வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்து, முதல் பக்கத்தில் நுழைந்து கடைசிப் பக்கத்தில் நிறைவோடு மூடிவைக்க முடிகிறதா? நான் வைத்திருக்கும் அளவுகோல் அது ஒன்றே.

மார்வலா, டிசியா?
*மாணவி, ஹாலி எல*

யார் கதையை முடிக்கிறாரோ அவர்.

சூப்பர்மேன் சாகிறார், திரும்பி வருகிறார். பேட்மேனுக்கும் அதே கதை. எத்தனை தடவைதான் நாங்கள் அழுவது?
*ஒரு வாசகர், வெலிமடை*

1992 நவம்பரில் சூப்பர்மேன் இறந்த 75-ஆம் இதழை வாங்க அமெரிக்காவில் கடைக்கடையாக வரிசை நின்றார்கள். அடுத்த ஆண்டே ஆள் திரும்பி வந்துவிட்டார். அன்றிலிருந்து அந்த உலகத்தில் சாவுக்கு மதிப்புப் போய்விட்டது. ரசிகர்களின் கோபம் முழுக்க நியாயம்.

ஆனால் செத்தவன் திரும்பி வருவது தவறு என்று நான் சொல்லமாட்டேன். நம் தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கிறது. காமன் பொட்டலில் மன்மதன் எரிகிறான். ரதி அழுகிற அழுகையில் கூடியிருக்கிற சனமும் சேர்ந்து அழுகிறது. அடுத்த மாசியிலும் அவன் எரிவான், உயிர் பெறுவான் என்று அங்கே நிற்கிற குழந்தைக்கும் தெரியும். இருந்தும் யாரும் சலித்துக்கொண்டு எழுந்து போவதில்லை. ஏன்? திரும்பி வருகிற மன்மதன் பழைய மன்மதன் இல்லை. ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் அவன் தெரிவான். உயிரைத் திருப்பிக் கொடுத்தாலும் உடம்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இழந்தது இழந்ததுதான்.

சூப்பர்மேன் திரும்பி வந்தபோது தலைமுடி கொஞ்சம் நீளமாக இருந்தது. பிறகு அதையும் வெட்டிவிட்டார்கள். நாயகன் எதையும் இழக்காமல் மீண்டு வந்தால் வாசகனும் எதையும் உணர்வதில்லை. கதை எழுதுகிற பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், அடுத்த மாசியில் ஒரு தோட்டத்துக்குப் போய் விடிய விடிய உட்கார்ந்து காமன் கூத்துப் பாருங்கள். உயிர்த்தெழும் வீரனை எப்படி எழுதுவது என்று அங்கே கற்றுக்கொள்ளலாம்.

இரும்புக்கை மாயாவி மாதிரி ஒருவர் இனி வருவாரா ஐயா?
*ஓய்வுபெற்ற தோட்ட உத்தியோகத்தர், பண்டாரவளை*

வர வேண்டும், வர முடியும் என்று நம்புகிறேன். அதற்கு மாயாவி ஏன் நம்மைப் பிடித்துக்கொண்டார் என்று சரியாகப் பார்க்க வேண்டும்.

1962-இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் பிறந்தவர் அவர். வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஜீசஸ் பிளாஸ்கோ. வாரத்துக்கு இரண்டொரு பக்கம்தான், அதுவும் கறுப்பு வெள்ளை. அந்தக் கொஞ்ச இடத்துக்குள் கதை நகர்ந்தே ஆக வேண்டும், வளவளப்புக்கு வழியில்லை. சிவகாசியில் 1972-இல் முத்து காமிக்ஸ் அவரைத் தமிழுக்குக் கொண்டுவந்து, ஒரு புத்தகம் ஒரு கதை என்று கையில் கொடுத்தது.

ஆளும் தொடக்கத்தில் நல்லவர் இல்லை. ஆய்வுகூட விபத்தில் கையை இழந்தவர், மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோகும் சக்தி கிடைத்ததும் அதைக் களவுக்கும் நாசத்துக்கும் பயன்படுத்தினார். பிறகுதான் திருந்தி நிழல் படை என்ற உளவு அமைப்புக்கு வேலை செய்தார். உடம்பு முழுதும் மறைந்தாலும் அந்த இரும்புக்கை மட்டும் மறையாது. சக்தியோடு ஒரு குறையும் ஒட்டியிருப்பதால்தான் அடுத்த பக்கத்தைப் பதற்றத்தோடு புரட்டினோம்.

இன்னொன்றும் இருக்கிறது. லயத்துக் காம்பராவில் கரண்ட் இல்லாத காலத்தில், கரண்டைத் தொட்டால் மறைகிற மனிதனைக் குப்பிலாம்பு வெளிச்சத்தில் வாசித்த தலைமுறை நம்முடையது. புத்தகமும் எளிதில் கிடைத்துவிடவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் இந்திய இதழ்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தினார்கள். அதனால் இந்நாட்டு எழுத்துக்கு நன்மை விளைந்தது. வீரகேசரி பிரசுரம் வரிசையாக நாவல்களை வெளியிட்டது. நம் ஊவா மண்ணின் தெளிவத்தை ஜோசப் எழுதிய 'காலங்கள் சாவதில்லை' அப்படி வந்ததுதான். அந்த வேகம் தமிழ்ச் சித்திரக்கதைக்கு வாய்க்கவில்லை. பெரியவர்களுக்கு நாவல் கிடைத்த காலத்தில், பிள்ளைகள் யாரோ கொண்டுவந்த அட்டை கிழிந்த பிரதியைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள். சிங்களத்தில் அப்படி இல்லை. 1951-இல் 'லங்காதீப'வில் ஜீ. எஸ். பெர்னாண்டோ 'நீலா'வை வரைந்ததிலிருந்து, எழுபதுகளில் வாராந்தச் சித்திரக்கதைப் பத்திரிகைகள் கடைகளில் குவிந்தது வரை அவர்களுக்கு ஒரு தொடர்ச்சி இருந்தது. கமிலஸ் பெரேராவின் கஜமன் எந்த மந்திரமும் தெரியாத சாதாரண ஆள். அவரை இன்றும் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தொடர்ச்சி நமக்கு இல்லாமல் போனது பெரிய இழப்பு. மாயாவியை நினைத்து ஏங்குகிற நேரத்தில் பாதியையாவது இதை நினைத்து வருந்தச் செலவிடலாம்.

லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடரும் ஸ்பைடர்மேனும் ஒரே ஆளா?
*ஒரு வாசகர், லுணுகலை*

இல்லை தம்பி. நம்முடைய ஸ்பைடர் 1965-இல் இங்கிலாந்து இதழ் ஒன்றில் பிறந்தவர். குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாக வேண்டும் என்று புறப்பட்டு, கடைசியில் குற்றவாளிகளை வேட்டையாடியவர். அவருடைய கதைகள் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். ஜோ ஷூஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல்தான்!

அந்த மனிதர் லண்டன் வார இதழுக்கு ஏன் எழுத வந்தார் என்று கேட்டால் மனம் கசக்கும். 1938-இல் சூப்பர்மேன் மீதான உரிமை முழுவதையும் இருவரும் 130 டொலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கம்பனி கோடிகோடியாகச் சம்பாதித்தது. படைத்தவர்கள் வழக்காடித் தோற்று, பிழைப்புக்கு அலைந்தார்கள். 1975-இல் ஊரறிய முறையிட்ட பிறகுதான் ஆண்டுக்கு 20,000 டொலர் உதவித்தொகையும், கதையின் தலைப்பில் அவர்கள் பெயரும் வந்தன. கொழுந்து பறிக்கிறவர் கைக்கு என்ன வருகிறது, ஏலத்தில் விற்கிறவர் கைக்கு என்ன வருகிறது என்று தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஒரு புதிய அமெரிக்கக் காமிக்ஸ் என்ன விலை?
*ஒரு வாசகர், பதுளை நகரம்*

1938-இல் சூப்பர்மேன் முதலில் வந்த இதழ் பத்து சதம். இன்று இருபது சொச்சம் பக்கத்துக்கு 3.99 அல்லது 4.99 டொலர். டொலர் 300 ரூபா என்றால் 1,200 முதல் 1,500 வரை. தபால் செலவு வேறு. 2024-இல் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபா. ஒரு முழுநாள் மலையேறிப் பறித்தால் கதையின் ஒரு துண்டு கிடைக்கும், அந்தத் துண்டும் 'தொடரும்' என்று முடியும். தமிழ்ப் புத்தகம் இதைவிட மலிவுதான். அதையும் இந்திய ரூபாவிலிருந்து மாற்றினால் மூன்றரை மடங்கு ஆகிறது.

பாடசாலை நூலகங்களும் தோட்டத்து வாசிகசாலைகளும் சித்திரக்கதைக்கென்று ஒரு தட்டு ஒதுக்க வேண்டும். பாடப்புத்தகத்துக்குப் போட்டி என்று அதைப் பார்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: எழுத்துக் கூட்டத் தடுமாறுகிற பிள்ளை படத்தைப் பிடித்துக்கொண்டு வசனத்துக்குள் இறங்கிவிடும்.

பெண், கறுப்பினத்தவர், முஸ்லிம் என்று ஹீரோக்களை மாற்றி மாற்றித்தான் கதை கெட்டது என்கிறான் என் நண்பன். உங்கள் கருத்து?
*இளைஞர், அப்புத்தளை*

நண்பரிடம் கமலா கானின் முதல் சில இதழ்களைக் கொடுங்கள். 2014-இல் தனி இதழாக வந்த பாகிஸ்தானிய அமெரிக்கப் பெண்பிள்ளை. அவளுக்கு ஒரு வீடு இருக்கிறது. கண்டிக்கிற அம்மா, அன்பான அப்பா, பள்ளிவாசல், தெரு, கூச்சம் எல்லாம் இருக்கின்றன. அதனால் அவள் நிற்கிறாள்.

இன்னொரு உதாரணமும் பாருங்கள். 2004-இல் 'ஸ்பைடர்மேன் இந்தியா' வந்தது. பீட்டர் பார்க்கருக்குப் பதில் பவித்ர் பிரபாகர், நியூயோர்க்குக்குப் பதில் மும்பை, மேலே ஒரு வேட்டி. கதை ஏறக்குறைய பழையதே. மனதில் ஒட்டவில்லை. 2023-இல் வந்த அனிமேஷன் படத்தில் அதே பவித்ர் தன் ஊரும் தன் குறும்புமாக வந்தபோது சில நிமிடத்திலேயே எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஆள் யார் என்பதால் கதை கெடுவதில்லை. அந்த ஆளுக்கு ஊரும் உறவும் கொடுக்காத சோம்பலால்தான் கெடுகிறது. இப்படிச் சொல்லிப் பாருங்கள், நண்பர் ஒத்துக்கொள்வார்.

என் மகன் கொப்பி முழுக்கச் சண்டைக்காரப் படமாக வரைந்து வைத்திருக்கிறான். பாடசாலையில் திட்டுகிறார்கள். தடுக்கவா?
*கொழுந்து பறிக்கும் ஒரு தாய், மடுல்சீமை*

தடுக்காதீங்க அக்கா. பாடக் கொப்பியில் வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள், அதில் ஆசிரியர் பக்கம் நியாயம் இருக்கிறது. 2022-இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள். கடதாசியின் அருமை உங்கள் வீட்டில் இன்னும் கூடுதலாகத் தெரியும். ஒரு பக்கம் அச்சடித்த பழைய ஏ4 தாள் எங்காவது கிடைத்தால் போதும். அதை எட்டாக மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டி, வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய மடக்கினால் எட்டுப் பக்கச் சின்னப் புத்தகம் ஆகிவிடும். ஒட்டவும் வேண்டாம், தைக்கவும் வேண்டாம். அதற்குள் ஒரு கதையைத் தொடங்கி முடிக்கச் சொல்லுங்கள். சண்டை ஏன் வந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தொடங்கினால் கதாசிரியனாகிவிட்டான்.

பழைய கதைகளின் மறுபதிப்பா, புதுக் கதையா?
*ஒரு வாசகர், நமுனுகுலை*

இரண்டும் வேண்டும். ஆனால் என் வயதுக்காரர்கள் மாயாவியை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால் வாசகர் கூட்டம் நம்மோடு முடிந்துவிடும். இத்தாலியில் 1948-இல் பிறந்த டெக்ஸ் வில்லர் இன்றும் தமிழில் சக்கைப்போடு போடுகிறார். எழுபத்தைந்து ஆண்டு தாண்டியும் அவருக்கு இன்னும் புதுக் கதை எழுதுகிறார்கள். அவற்றுள் எதை எடுத்தாலும் அங்கேயே தொடங்கி அங்கேயே முடியும்.

சினிமாவில் எந்தச் சூப்பர்ஹீரோ கதையைப் பார்க்கலாம்?
*மாணவர், ஊவா பரணகமை*

மலையாளத்தின் 'மின்னல் முரளி' பாருங்கள், ஊர்த் தையற்காரர் மேல் மின்னல் விழுகிறது. தமிழில் 'மாவீரன்' பாருங்கள், பத்திரிகைக்குச் சித்திரக்கதை வரைகிற பயந்த பையன்தான் நாயகன். இரண்டும் தங்கள் தெருவை விட்டு வெளியே போகவில்லை.

மலையகத்துக்கு ஒரு சூப்பர்ஹீரோ வேண்டுமென்றால் அவருக்கு என்ன சக்தி கொடுப்பீர்கள்?
*ஒரு வாசகி, ஸ்பிரிங்வெளி*

பறக்கிற சக்தி வேண்டாம். நமக்கு வீரர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்கிற ரோதை முனி இருக்கிறார். கத்தி பிடிக்கிற கையைக் காக்கிற கவ்வாத்துச் சாமி இருக்கிறார். விடிய விடிய ஆடுகிற பொன்னர் சங்கர் இருக்கிறார்கள். உலகத்தில் வேறெங்கும் இல்லாத ரோதை முனியை யாராவது வரைந்தால் நான் முதல் பிரதி வாங்குவேன்.

சக்தி என்று கேட்டீர்கள். மலை அசைவதை முன்கூட்டி அறிகிற சக்தி என்று சொல்ல நினைத்தேன். ஆனால் 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியபோது, அந்த இடம் ஆபத்தானது என்று அதிகாரிகள் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். அறிவு இருந்தது. போவதற்கு வேறு வீடும் காணியும் இல்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்து உயிர்களைக் கொண்டுபோயின. ஆகவே நம் வீரனுக்கு ஒரே சக்தி போதும்: அவன் சொன்னால் மேலே இருக்கிறவர்கள் கேட்டே ஆக வேண்டும். வில்லனுக்கு முகமூடி கூட வேண்டாம், மேசையில் கிடக்கும் ஒரு கோப்பு போதும். இந்தக் கதையை நான் உண்மையாகவே வாசிக்க ஆசைப்படுகிறேன். மீரியபெத்தையில் தப்பிய பிள்ளைகள் இன்று இளைஞர்கள். அவர்களில் ஒருவர் எழுதினால் இன்னும் நல்லது.

நானும் ஒரு ஹீரோ வரைந்து வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?
*பத்தாம் தர மாணவி, தெமோதரை*

இன்றே அனுப்புங்கள் மகள். நான்கு பக்கத்துக்குள் கதை முடிய வேண்டும், 'தொடரும்' போட்டால் திருப்பி அனுப்பிவிடுவோம். பென்சில் கோடு அச்சில் சரியாக விழாது, மேலே கறுப்புப் பேனையால் ஓட்டிவிடுங்கள். வசனத்தை நீங்கள் வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதுங்கள். உங்கள் பெயரை முதல் பக்கத்திலேயே பெரிதாகப் போடுங்கள். உரிமையை யாருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டாம், எங்களுக்கும்தான்.