நாற்பதைத் தொட்ட நாள்

எதிர்வீட்டுத் தம்பியை மனதார மெச்சுகிறேன். டர்போ கார் வாங்கிய ஒரே மாதத்தில், கம்பெனிப் பொறியாளர்களின் பிழைகள் அத்தனையையும் போர்டிகோவில் ஒரு ஸ்பேனர் செட்டோடு கண்டுபிடித்துவிட்டார். டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். போதாதாம். பூஸ்ட்டை ஏற்றினார். கோவை அவிநாசி ரோட்டு நெரிசலில் முதல் கியரிலேயே ஊரும் வண்டிக்கு அது வேண்டும்தானே?

பிறகு 'உஸ்ஸ்' என்றொரு சத்தம். இழுவையும் போயிற்று. சென்சார் ஒவ்வொன்றாக மாற்றினார். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரை வாங்கி வந்து காற்றேற்றி, இன்டர்கூலர் குழாயெல்லாம் சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி தேடினார். உள்ளே அவர் அம்மா பாத்திரம் தேய்க்கச் சோப்பைத் தேடினார். மூன்று ஞாயிறுகள் கழித்துக் கசிவு அகப்பட்டது: அவரே முடுக்க மறந்த கிளாம்ப். எப்பேர்ப்பட்ட ஆராய்ச்சி!

மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, உரிமையாளர் செய்யும் இத்தகைய ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்கிறது. ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. உதிரிபாக பில்லைப் பார்த்தேன். அபராதம் மலிவு.

நேற்று அந்தக் கார் முதன்முறையாக நாற்பதைத் தொட்டது. முன்னால் ஒரு குட்டியானை கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தது.