வில்லனும் ஒரு குடும்பஸ்தன்தான்

பழைய சண்டைப் படங்களில் ஒழுங்காக வீடு கட்டிக் குடியிருக்கிற ஒரே ஆள் வில்லன்தான். இதைச் சொன்னால் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் என்னோடு டீ குடிக்கிறவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். கதாநாயகனுக்கு ஒரு தொப்பி, ஒரு துப்பாக்கி, மிஞ்சினால் இருமிக்கொண்டிருக்கிற ஒரு தாயார். வீட்டுவரி கிடையாது, தண்ணீர்வரி கிடையாது. வில்லனோ மலையைக் குடைந்து மாளிகை கட்டியிருக்கிறான். சுவரில் பொத்தானை அழுத்தினால் பாறை நகருகிறது. மேஜையில் சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் எந்நேரமும் எரிகின்றன. கரண்ட் பில்லைப் பற்றி அவன் ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. அடியாட்கள் அத்தனை பேருக்கும் ஒரே நிறத்தில் பனியன். எங்கள் வீட்டில் பொங்கலுக்கு இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே நிறத்தில் சட்டை எடுக்க என்னால் முடிந்ததில்லை.

கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்த வயதில் நானும் நாயகன் கட்சிதான். கமிஷன் கடையில் கணக்கெழுதும் சம்பளத்தை நம்பி பேங்க் லோன் போட்டு வீடு கட்டினேன் பாருங்கள், அன்றைக்கே கட்சி மாறிவிட்டேன். இப்போது கிளைமாக்ஸில் நாயகன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தால், ‘அது எத்தனை எம்எம் கண்ணாடியோ!’ என்றுதான் மனசு பதறுகிறது.

சேலம் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு மட்டும் இன்றும் நிற்கிறது. அதற்குள்ளிருந்துதான் 1966-ல் ‘வல்லவன் ஒருவன்’ வந்தது, 1970-ல் ‘சி.ஐ.டி. சங்கர்’ வந்தது. இரண்டிலும் ஜெய்சங்கர், இரண்டையும் இயக்கியவர் ஆர். சுந்தரம். தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்ற பட்டம் ஜெய்க்கு இப்படிப்பட்ட படங்களால் வந்ததுதான். கோட்டு, தொப்பி, சுழலும் நாற்காலி, ரகசிய வழி என்று எல்லாம் உண்டு. வெளிநாட்டுப் பாண்டுக்குக் கடலடியில் அரண்மனை கட்டிக் கொடுத்தார்கள். நம் பாண்டுக்கு ஒரு ஸ்டூடியோ தளம், கொஞ்சம் பிளைவுட், நல்ல பெயிண்டர். அதை வைத்துக்கொண்டே நம்பவைத்தார்கள். எங்கள் வீட்டுக் கொத்தனார் நிஜ சிமெண்டை வைத்துக்கொண்டும் என்னை நம்பவைக்க முடியாமல் திணறியவர்.

அடுத்து கர்ணன். இவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குச் சாப்பாடு மறந்துவிடும். ‘கற்பகம்’ மாதிரிக் கண்ணைக் கசக்கவைக்கிற குடும்பப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்த அதே மனிதர், தாமே இயக்கவும் கிளம்பி, ‘காலம் வெல்லும்’, ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ என்று குதிரையும் புழுதியுமாக அடுக்கினார். தெலுங்கில் கிருஷ்ணா கௌபாய் தொப்பி போட்ட ‘மோசகாள்ளக்கு மோசகாடு’ 1971-ல்தான் வந்தது. நம் ‘காலம் வெல்லும்’ அதற்கு முந்தைய வருடமே வந்துவிட்டது. இந்தத் தகவலை எங்கள் தெருவில் நான் சொல்லாத ஆள் இல்லை. கேட்காமல் நின்ற ஆளும் இல்லை. குதிரையின் கால்களுக்கு நடுவே கேமராவை வைத்தது போல அவர் எடுக்கும் துரத்தல்களைப் பார்த்தால் நமக்கே இருமல் வரும். அவருடைய ‘ஜம்பு’வை (1980) மட்டும் நடுக்கூடத்து டிவியில் போட முடியாது. காரணம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அந்தத் துரத்தல்களில்தான் எனக்கு வயிற்றெரிச்சல் தொடங்கும். குதிரையோ ஜீப்போ சந்தைக்குள் புகுந்தால் முதலில் கவிழ்வது பழவண்டி. நாயகன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். அவன் எங்கள் ஊர் மார்க்கெட்டுக்குள், கோடையில் காய் விலை ஏறிக் கிடக்கும் நேரத்தில் வந்து பார்க்கட்டும். 2025-ல் புவிசார் குறியீடு வாங்கிய எலுமிச்சை ஐயா இது! மூட்டை அவிழ்ந்து ரோட்டில் உருண்டால், துரத்துகிறவன், ஓடுகிறவன், குதிரை மூன்றையும் நிறுத்திப் பொறுக்கவைத்து, எண்ணி வாங்கிய பிறகுதான் விடுவோம்.

பையனுக்கு இதெல்லாம் சிரிப்பு. “யப்பா, அது தெர்மாகோல்” என்பான் பாறையைப் பார்த்து. அதற்காகவே அவனை உட்காரவைத்துச் சண்டைக்காட்சியின் சூட்சுமத்தை விளக்கினேன். கேமராவை நொடிக்கு 24 ஃபிரேம் என்று ஓட்டாமல் 20, 22 என்று குறைத்து ஓட்டுவார்கள். திரையில் அது 24-ல் ஓடும்போது கை பறக்கும். குத்துகிறவனின் தோளுக்குப் பின்னால் கேமரா நின்றுவிட்டால் முஷ்டிக்கும் மூக்குக்கும் நடுவே இருக்கிற அரையடி யாருக்கும் தெரியாது. சத்தம் அப்புறம் சேர்ப்பது. அடியாட்கள் ஏன் ஒவ்வொருவராக வருகிறார்கள் என்று கேட்டான். பத்துப் பேரும் ஒன்றாகப் பாய்ந்து அதில் ஒருத்தன் தப்பாக விழுந்தாலும் மொத்த ஷாட்டும் போச்சு, ஃபிலிம் காசல்லவா என்றேன். மற்றபடி அது ஒரு மரியாதை. எங்கள் வீட்டுச் சண்டையில் அந்த மரியாதை இல்லை. மாமியார் பேசி முடிக்கும்வரை மச்சினன் காத்திருப்பதில்லை.

விளக்கத்தோடு நிறுத்தாமல் விஜயகாந்தின் சுவர் உதையையும் செய்து காட்டத் துணிந்தேன். மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினேன். கால் இறங்கிவிட்டது. இடுப்பு இறங்க ஒரு வாரம் ஆயிற்று. தைலம் தேய்த்துக்கொண்டே என் மனைவி கேட்டாள்: “ஏங்க, அந்த மலைக்குள்ள லிஃப்ட் வச்சிருக்கானே, அந்தக் கொத்தனார் நம்பர் கெடைக்குமா? நம்ம மொட்டைமாடி ஒழுக்க அவர வச்சாவது அடைச்சிருவோம்.”

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் ஐந்தருவி கொட்டும். ஆறாவது எங்கள் மாடிப்படி ஓரத்தில். ‘உலகம் சுற்றும் வாலிபன்’ (1973) படத்தில் விஞ்ஞானி எம்.ஜி.ஆர். மின்னலையே பிடித்து அடைத்துவைப்பார். வில்லன் கூட்டம் அதைத் திருட ஜப்பான்வரை அலையும். எனக்கு மின்னல் வேண்டாம். மழை பெய்தாலும் அணையாத இன்வெர்ட்டர் ஒன்று போதும்.

வில்லன்கள்மீது எனக்கு மரியாதை கூடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் எங்கள் ஊர் வழியாகத்தான் செங்கோட்டை நோக்கிச் சபரிமலை வண்டிகள் வரிசையாகப் போகும். அந்த மலைக்கு ஐம்பது வருடத்துக்கும் மேலாக மாலை போட்டுப் போய் குருசாமியாக மதிக்கப்பட்டவர் யார்? திரையில் கையைப் பிசைந்துகொண்டு உருட்டி விழித்த எம்.என். நம்பியார். நிஜத்தில் சைவச் சாப்பாடு, கட்டுசெட்டான குடும்பம். நாயகர்களை நம்பி நாம் வீட்டை மறந்து கொட்டகையில் கிடந்தோம். நம்பியாரோ ஷூட்டிங் முடிந்ததும் வீட்டுக்குப் போனார்.

நாயகனுக்கும் வயதானால் சொத்து சேரும். சொத்து சேர்ந்தால் வில்லன்தான். பதினைந்து வருடம் அடுத்தவன் குகையை உடைத்த ஜெய்சங்கர், 1980-ல் ‘முரட்டுக்காளை’யில் பெரிய பண்ணைக்காரராகி ரஜினியிடம் உதை வாங்கினார். ஜூடோ ரத்தினம் அமைத்த அந்த ரயில் சண்டையை இன்றைக்குக் கிராபிக்ஸில் எடுப்பவர்கள் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ரயிலும் நிஜம், கூரைமேல் நின்ற மனிதர்களும் நிஜம். ‘காதலிக்க நேரமில்லை’யில் துள்ளித் திரிந்த ரவிச்சந்திரன், 1986-ல் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து எடுத்த ‘ஊமை விழிகள்’ படத்தில் ஒரு பிக்னிக் வில்லேஜுக்கே சொந்தக்காரராகி நம்மை நடுங்கவைத்தார். காதலிக்க நேரமில்லாதவருக்கு இருபத்திரண்டு வருடத்தில் கொலை செய்ய நேரம் கிடைத்துவிட்டது. சத்யராஜ் எதிர்த்திசையில் நடந்தவர். ‘காக்கிச்சட்டை’, ‘விக்ரம்’ என்று வில்லத்தனம் செய்து நிலைத்த பிறகு நாயகனானார். ‘விக்ரம்’ படத்தில் ஏவுகணையையே கடத்திவைத்திருந்த மனிதர்! பிறகு அத்தனையையும் விட்டுவிட்டு டூயட் பாடப் போனது பெரிய தியாகம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை ‘கேப்டன் பிரபாகரன்’ போட்டேன். விஜயகாந்தின் நூறாவது படம், 1991. 2025 ஆகஸ்டில் மெருகேற்றி மறுபடி தியேட்டருக்கு வந்தபோது தென்காசியில் பார்க்கலாம் என்று கிளம்பியவனைச் சமையலறைக் குழாய் பிடித்து நிறுத்திவிட்டது. போன ஞாயிறும் அதே குழாய்தான். காலையில் கூப்பிட்ட பிளம்பர், சண்டையெல்லாம் முடிந்த பிறகு வந்து சேருகிற சினிமா போலீஸைப் போல, டேங்க் முழுசும் காலியான பிறகு வந்தார். டிவியைப் பார்த்ததும் ரெஞ்சைத் தரையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மன்சூர் அலிகான் காட்டுக்குள் ஆட்களோடு இருக்கிறார். பிளம்பர் இமைக்காமல் பார்த்தார். நாயகன் கட்சி என்றுதான் நினைத்தேன்.

“அண்ணாச்சி, இவ்வளவு பேரு காட்டுக்குள்ள கெடக்காங்கள்ல, தண்ணிக்கு என்ன செய்தான் இவன்?”

மேலே ஏதாவது ஓடை இருக்கும் என்றேன்.

“அப்ப மோட்டாரே வேண்டாம். மேல ஒரு தொட்டியக் கட்டி, முக்கா இஞ்ச் பைப்புல இறக்கிரலாம்” என்று தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். “அளவுக்கு வேணா நாளைக்கு வந்து பாப்போம்.”

என் மனைவி அடுக்களையிலிருந்து ரெஞ்சோடு வந்து நின்றது இரண்டு பேருக்கும் தெரியவில்லை.