காசு விழுங்கும் பெட்டிக்கு ஒரு ஜீர்ணோத்தாரணம்

பழம்பொருள்களைப் புதுப்பிப்போர் போற்றும் தலையாய விதி, ஒரு பொருள் எந்தப் பணிக்காகச் செய்யப்பட்டதோ அந்தப் பணியை அது மீண்டும் குறைவறச் செய்ய வேண்டும் என்பதாகும். கடிகாரமாயின் நேரம் காட்ட வேண்டும். தையல் இயந்திரமாயின் தைக்க வேண்டும். ஆனால், 1930களில் அமெரிக்கக் கடைகளின் கல்லா மேசைகளில் வீற்றிருந்த, காசு போட்டு ஆடும் விளையாட்டுப் பெட்டிகளுக்கு இந்த விதியைப் பொருத்தும்போது ஒரு சங்கடம் எழுகிறது. ஏனெனில், சுருட்டு வாங்கிவிட்டு மீதிச் சில்லறையுடன் நிற்கும் மனிதரைத் தோற்கடித்து அந்தச் சில்லறையையும் பெற்றுக்கொள்வதே அவற்றின் பணி. அத்தகைய பெட்டியைச் செவ்வனே சீரமைத்தவர், தம்மைத் தோற்கடிக்கும் கருவி ஒன்றைத் தம் சொந்தச் செலவில் தம் வீட்டுக் கூடத்திலேயே பிரதிஷ்டை செய்தவர் ஆகிறார்.

இவ்வினத்தில் பெரும்புகழ் பெற்றது, சிகாகோவின் டேவிட் காட்லீப் 1931இல் வெளியிட்ட ‘பேஃபில் பால்’ ஆகும். மின்சாரம் தேவைப்படாத ஒரு மரப்பெட்டி, அதற்குள் சற்றே சரிந்த ஆடுதளம், தளத்தில் அறையப்பட்ட சிற்றாணிகள், ஆணிகளுக்கிடையே குழிகள், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கண்ணாடி என்பதே அதன் அமைப்பு. குண்டை மேலே செலுத்துவது வில்தண்டு, அதாவது பின்னுக்கு இழுத்து விட்டால் சுருள்வில்லின் விசையால் குண்டை உந்தும் கோல். சின்சினாட்டியில் வாழ்ந்த மாண்டேக் ரெட்கிரேவ், மேசைமீது குண்டுருட்டும் பாகடெல் ஆட்டத்துக்குச் செய்த திருத்தங்களுக்கு 1871இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். வில்தண்டு அந்த வழியில் வந்தது. பெட்டியின் விலை 17.50 டாலர், ஒரு சென்ட் காசுக்கு ஐந்து முதல் ஏழு குண்டுகள். பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்தவரும் ஒரு சென்ட்டைத் தொலைக்க வசதி பெற்றிருந்தமையால், 50,000க்கும் மேற்பட்ட பெட்டிகள் விற்றன. மதிப்பெண்ணைப் பெட்டி கூட்டிச் சொல்லாது. ஆடுபவரே மனக்கணக்காகக் கூட்டிக்கொள்ள வேண்டும். குண்டைத் தட்டியனுப்பும் துடுப்புகள், காட்லீப் நிறுவனத்தின் ‘ஹம்ப்டி டம்ப்டி’ வழியாக 1947இல்தான் வந்தன என்பதால், அதுவரை ஆடுபவர் செய்யக்கூடியவை மூன்றே: இழுத்து விடுவது, வேடிக்கை பார்ப்பது, கடைக்காரர் திரும்பியிருக்கும் வேளையில் பெட்டியை ஆட்டுவது.

மூன்றாவது செயலைத் தடுக்க ஹாரி வில்லியம்ஸ் என்னும் வடிவமைப்பாளர் முதலில் பெட்டியின் அடிப்பலகையில் கூர்முனை கீழ்நோக்கும்படி ஆணிகளை அறைந்தார் என்றும், அடியில் கைகொடுத்துத் தட்டியவர்களின் உள்ளங்கை பட்ட பாட்டைக் கண்டபின் மென்மையான வழிக்குத் திரும்பினார் என்றும் கூறப்படுகிறது. அந்த மென்மையான வழியே ‘டில்ட்’ என்று பெயர் பெற்றது. பெட்டி குலுங்கினால் உள்ளே ஒரு குண்டு அதன் பீடத்திலிருந்து விழுந்து ஆட்டக்காரரைக் காட்டிக்கொடுக்கும். பழைய பெட்டியின் அடியில் விரலை விட்டுத் துழாவும் பழக்கம் உடையோர் இந்த வரலாற்றை நினைவில் வைப்பது நலம்.

சீரமைப்பின் தொடக்கப் பணிகளில் அறிவுக்கு வேலை குறைவு, பொறுமைக்கே வேலை அதிகம். எலிக்கூட்டை அகற்றுவதும், துருவேறிய உறுப்புகளை வினிகரில் ஊறவைப்பதும், ஊறவைத்ததை மறந்துவிடாதிருப்பதும் இவற்றில் அடங்கும். மரத்தின் பழைய மேற்பூச்சு அரக்கு மெருகாக இருப்பின் சாராயம் பட்ட அளவில் அது கரைந்துவிடும். ஆடுதளத்து வண்ண எழுத்துகளோ ஈரத் துணிக்கே கையோடு வந்துவிடக்கூடியவை. தொண்ணூறு ஆண்டு அழுக்கு மட்டும் போய் ஓவியம் நிற்கும் என்று நம்புவோர், அந்த நம்பிக்கையை முதலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் சோதித்துக்கொள்ள வேண்டும். புதுப்பொலிவு பெற்ற பெட்டியைவிட மூலப்பூச்சு சிதையாத மங்கலான பெட்டிக்கே சேகரிப்போரிடம் மதிப்பு அதிகம் என்பதும், மாதக்கணக்கில் மெருகேற்றி முடித்த பிறகே இச்செய்தி பெரும்பாலோரை வந்தடைகிறது என்பதும் இத்துறையின் இயல்புகள்.

உண்மையான சிக்கல் ஆணிகளில் இருக்கிறது. குண்டின் பாதையை முடிவு செய்வது ஆணிகளே. ஓர் ஆணி மயிரிழை சாய்ந்தாலும் உயர் மதிப்பெண் குழிக்குச் செல்ல வேண்டிய குண்டு வெறுமையை நோக்கி உருளும். ஆகவே வளைந்த ஆணியைக் கண்ட சீரமைப்பாளர், அது முதுமையால் வளைந்ததா, கடைக்காரர் ஒருவரின் முன்யோசனையால் வளைந்ததா என்று ஆராயக் கடமைப்பட்டவராகிறார். முதலாவதாயின் நிமிர்த்த வேண்டும். இரண்டாவதாயின், அந்த வளைவே வரலாற்றுச் சான்று. அதை நிமிர்த்துவது கல்வெட்டைச் சுரண்டுவதற்கு ஒப்பாகும். ஆனால் நிமிர்த்தாமல் விட்டால், என்றோ மறைந்துபோன ஒரு கடைக்காரரின் சிறுகளவைப் பாதுகாத்து, அதற்கு எண்ணெயும் இட்டவராகிறார். ஆணி வேரில் தளர்ந்திருந்தால் முதுமை, வேர் உறுதியாக இருந்து தலை மட்டும் சாய்ந்திருந்தால் முன்யோசனை என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. ஐயம் எஞ்சுமிடத்தில் வளைந்தது வளைந்தபடியே இருக்கட்டும். தோற்ற ஒவ்வொரு முறையும் பழியைச் சுமத்த ஒருவர் கிடைப்பார் என்பது உபரி நன்மை.

காசுவழியைச் சீரமைப்பதிலும் தருமசங்கடங்கள் உண்டு. செல்லாக்காசையும் இரும்பு வளையத்தையும் போட்டு ஆடிய புத்திசாலிகளைப் பிடிக்கச் சில இயந்திரங்களில் காந்தம் வைக்கப்பட்டது. போருக்குச் செம்பு தேவைப்பட்டமையால் 1943இல் அமெரிக்க அரசு துத்தநாகம் பூசிய எஃகில் ஒரு சென்ட் காசை அடித்தபோது, அந்தக் காந்தங்கள் அரசின் அசல் நாணயத்தையே கள்ளனென்று பிடித்து வைத்துக்கொண்டன. 1982இல் காசின் உள்ளுடல் துத்தநாகமாக மாறி எடை 3.11 கிராமிலிருந்து 2.5 கிராமாகக் குறைந்தது; விட்டம் மாறாமையால், எடை பார்க்காமல் அளவு மட்டும் பார்க்கும் பெட்டிகள் இம்மாற்றத்தைப் பொருட்படுத்தவில்லை.

2024 நிதியாண்டில் ஒரு சென்ட் காசை அடிக்க 3.69 சென்ட் செலவாயிற்று. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கணக்கை அரசும் தாங்கவில்லை. புழக்கத்துக்கான கடைசிக் காசு 2025 நவம்பர் 12 அன்று பிலடெல்பியாவில் அடிக்கப்பட்டது. பழைய காசுகள் இன்னும் செல்லும். எனவே இத்தகைய பெட்டி வாங்கத் துணியும் வாசகர், அக்காசுகளை ஒரு டப்பா நிறையச் சேர்த்து வைப்பாராக. அதற்கும் முன்பாக, பூட்டுக்குச் சாவி இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டுவிடுவாராக.